வடகத்துக்கு வந்த பிரெஞ்சுப் பெயர்

அந்த அம்மாவுக்கு 54 வயது. ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு நெசவுக் கிராமம். கணவர் வீட்டிலேயே குழித்தறி போட்டுப் பட்டு நெய்கிறார். இவர் தார் சுற்றித் தருவார். கரைக்குத் தனி நாடா ஓட்டும் சேலையென்றால், தறிக்கு மறுபக்கம் உட்கார்ந்து அந்த நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். காலையில் தொடங்கும் தறிச் சத்தம் இருட்டும்வரை ஓயாது. கல்யாணமாகி வந்த 32 வருடங்களாக இதுதான் வாழ்க்கை.

அவர் பார்த்த வெளியூர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படவேடு ரேணுகாம்பாள் கோயில், திருவண்ணாமலை, திருப்பதி, மகளைக் கட்டிக்கொடுத்த வேலூர். அவ்வளவுதான். ஆனால் சொந்தபந்தத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. காரணம், அவர் போடும் வடகம். கோடை வந்தால் பத்துக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கி உரித்துவிடுவார். மகள் வீட்டுக்கு, நாத்தனார் வீட்டுக்கு என்று பங்கு பிரித்தது போக மிஞ்சியதைக் கேட்பவர்களுக்கு விற்பார். கிலோ 500 ரூபாய் சொன்னால், "என்னக்கா, வெங்காயத்துக்கா இவ்ளோ?" என்பார்கள். சிரித்துக்கொண்டே ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்வார்.

அரிசிக் கூழில் பிழிந்து, காயவைத்து, எண்ணெயில் பொரித்துத் தின்னும் வடகம் வேறு. இது தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பது. வேலூர், ஆரணிப் பக்கம் வடகம் என்பார்கள். வேறு சில ஊர்களில் வடவம். குழம்பை இறக்கும்போது ஒரு சிட்டிகை தாளித்துக் கொட்டினால், தெருமுனையில் வருகிறவருக்கே இன்று அந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துவிடும்.

அந்த வீட்டில் ஒரு மனக்குறையும் உண்டு. அது சேலையைப் பற்றியது. அவர்கள் நெய்யும் சேலை ஊரைவிட்டுப் போனதும் பெரும்பாலும் பெயர் மாறிவிடும். ஒருமுறை சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கடைக்குப் போன கணவர், தன் கையால் போட்ட கரையை அங்கே கண்ணாடி அலமாரியில் பார்த்தார். "இது எந்த ஊருப் பட்டு தம்பி?" என்று கேட்டார். "அசல் காஞ்சிபுரம் சார்" என்று பதில் வந்தது. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார்.

அந்தக் கதையை வீட்டில் சொன்னபோது மகன் கேட்ட கேள்விதான் இருவருக்கும் தைத்தது. "நம்ம ஊர் பேரே இல்லாத சேலைக்கு நாம எதுக்குப்பா இடுப்பு ஒடிய குழியில உட்காரணும்?" அந்த வருடமே அவன் செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கென்று நினைத்திருந்த இரண்டாவது தறி, போர்வை மூடிக் கிடக்கிறது.

இந்த நிலையில்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் நேராக ஆரணிக்கே வந்து, கல்யாணத்துக்கு மூன்று சேலை சொல்லிவிட்டுப் போனது. பெண் வீட்டார் பாரிஸில் இருக்கிறார்கள். கல்யாணம் மட்டும் சொந்த மண்ணில், தை மாதம். சேலையை நேரில் கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டார்கள். "நீங்களும் வாங்கம்மா, ஒருநாள் எங்க வீட்டுல சாப்பிட்டுப் போகலாம்" என்று அழைத்தார்கள்.

கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, அந்த அம்மா அரைக் கிலோ வடகத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆரணியிலிருந்து வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் பேருந்து மாறிப் போகலாம். அந்த வழி நெடுகப் பிரெஞ்சுக்காரர்களின் கதை கிடக்கிறது. 1751 டிசம்பரில் ஆரணிக்கு அருகிலேயே ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் ராபர்ட் கிளைவின் படை. மறுபக்கம் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபும், அவருக்குத் துணை வந்த பிரெஞ்சுப் படையும். கிளைவ் வென்றார். எட்டு வருடம் கழித்து, 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். தென்னிந்தியாவை ஆளும் பிரெஞ்சுக் கனவு அத்தோடு கலைந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தன்நகர் என்ற ஐந்து சிறு பகுதிகள்தான் பிற்பாடு அவர்கள் கையில் தங்கின.

புதுச்சேரியில் அவர்கள் போய் இறங்கியது ஒரு 'சொல்தா' வீடு. பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊரில் குடியிருக்கும் தமிழர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கல்யாணப் பெண்ணின் தாத்தா அப்படிப்பட்ட ஒருவர். அவர் இப்போது இல்லை. 80 வயதைத் தொடும் ஆயா மட்டும் புதுச்சேரி வீட்டில் இருக்கிறார். மகன், மருமகள், பேத்தி எல்லோரும் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில்.

கூடத்தில் பத்துப் பதினைந்து விருந்தாளிகள். பெண்ணின் அம்மா சேலையைப் பிரித்து, முந்தியை விரித்துக் காட்டினார். அரக்கில் மயில்கழுத்துக் கரை. எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். "எங்கே எடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"காஞ்சிபுரம்" என்றார் பெண்ணின் அம்மா, சாதாரணமாக.

நெய்தவர் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கட்டைப்பைக்குள் இருந்த டப்பாவைக் கையால் இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். இவ்வளவு பெரிய வீட்டில், இத்தனை பீங்கான் தட்டுகளுக்கு நடுவில், வெங்காய வாடை வீசும் ஒரு டப்பாவை எப்படி எடுத்து நீட்டுவது?

மதியம் சாப்பாடு. சோறு, சாம்பார், வஞ்சிரம் வறுவல் எல்லாம் இருந்தன. அவற்றோடு ஒரு பீங்கான் கிண்ணத்தில் மஞ்சளும் வெளுப்புமாக ஒரு மீன் குழம்பு. கல்யாணப் பெண்ணே சமைத்தது. "இது பிரெஞ்சு டிஷ்மா. வெண்ணெய், கிரீம் போட்டது. கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க" என்று, தட்டுத் தடுமாறிய தமிழில் சொல்லிப் பரிமாறினாள். தொட்டுக்கொள்ள பாகெத் என்கிற நீள ரொட்டியும் இருந்தது.

கிரீம் போட்ட மீன் என்றதும் அந்த அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம். பாலும் மீனும் சேரக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர். பெண் எதிரில் நின்று பார்க்கிறாளே என்பதற்காக ரொட்டியில் கொஞ்சம் தொட்டு வாயில் வைத்தார்.

வைத்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"என்ன மசாலா போட்ட கண்ணு?"

"வதுவான். பிரான்ஸ் மசாலா."

"பாட்டில் இருக்குதா? கொஞ்சம் காட்டேன்."

பெண் உள்ளே போய் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து வந்தாள். பாரிஸில் வாங்கியது. மேலே அழகான எழுத்தில் பிரெஞ்சுப் பெயர். ஐம்பது கிராம் ஏழு யூரோ என்றாள். நம் பணத்துக்கு 600 ரூபாய்க்கு மேல். அந்த அம்மா மூடியைத் திறந்தார். செம்பழுப்பாகக் காய்ந்த வெங்காயச் சுருள், கடுகு, வெந்தயம், நொறுங்கிய கறிவேப்பிலை. முகர்ந்து பார்த்தார். சந்தேகமே இல்லை.

"இது வடகம்மா!"

பெண்ணுக்குப் புரியவில்லை. உச்சரிப்பைத் திருத்துவதாக நினைத்து, "இல்லம்மா... வ-து-வான்" என்றாள்.

அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆயா சிரித்துவிட்டார். "அவங்க சொல்றதுதாண்டி சரி. நம்ம வடவம்தான் அது. வெள்ளைக்காரன் வாயில 'ட' எங்க வரும்? வடவத்த வதுவான்னு ஆக்கிட்டான்."

பிறகு ஆயா சொன்னது அந்தப் பேத்தியே கேட்டிராத கதை. 1970-களில் கணவரோடு பிரான்ஸ் போனபோது, பெட்டியில் மூன்று கிலோ வடவம் எடுத்துப் போயிருக்கிறார். ஆறு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அங்கேயே போடலாம் என்று உருண்டை பிடித்து ஜன்னலோரம் வைத்தார். "வெயிலே இல்லாத ஊருல வடவம் எங்கே காயும்? நாலாம் நாள் பூசணம் பூத்துடுச்சு. அப்புறம்தான் ஓவன்ல வெச்சேன். வெளக்கெண்ணெய்க்கு எங்க போறது? அதையும் விட்டுட்டேன். தாளிச்சா பக்கத்து வீட்டுக்காரி கதவத் தட்டுவா, என்ன நாத்தம்னு. இப்ப அதே பொருளை அவளே புட்டியில வாங்குறா!"

பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இன்று செய்யும் வதுவானும் ஏறக்குறைய ஆயா செய்த முறைதான். வெங்காயத்தையும் பூண்டையும் நறுக்கி, எண்ணெயிலோ வெண்ணெயிலோ நிதானமாக வதக்கி, மசாலா சாமான்களைக் கலந்து, ஓவனில் குறைந்த சூட்டில் உலர்த்துகிறார்கள். உருண்டை கிடையாது. ஆற அமர ஒரு வாரம் வெயில் காட்டும் வேலையும் கிடையாது. புளிக்குழம்பில் போடாமல் காலிஃபிளவர், கேரட், ஆட்டுக்கறி, சிப்பி, மீன் ஆகியவற்றில் சேர்க்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து போன பழக்கம், பிரெஞ்சுக்காரர்களின் 'கறி மசாலா' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பெரிய உணவகங்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

இப்படிப் பெயர் மாறிப் போனது வடகம் மட்டுமல்ல. பிரான்ஸின் மேற்குக் கரையில், பிரெத்தாஞ் பகுதியில் லோரியான் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666-ல் கப்பல் கட்ட உண்டாக்கிய ஊர். ஊரின் பெயருக்கே 'கிழக்கு' என்றுதான் பொருள். நம் கரையிலிருந்து சரக்கேற்றிய கப்பல்கள் அங்கேதான் போய் நிற்கும். 19-ம் நூற்றாண்டில் அந்த ஊரில் கோஸ் என்ற மருந்துக் கடைக்காரர், இந்திய மசாலாவைப் பார்த்துத் தானும் ஒரு பொடி தயாரித்தார். 'கறி கோஸ்' என்று பெயர் வைத்தார். இஞ்சி, மஞ்சள், கிராம்பு, பட்டை, மிளகு, மிளகாய் என்று எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிச் சமாச்சாரம். இன்றைக்கும் அந்தப் பகுதியில் சிங்கி இறாலுக்குப் போடும் உள்ளூர் மசாலா அதுதான். நம் 'கறி' என்ற சொல் மட்டும் அதில் அடையாளமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்த்தினிக், குவாதலூப் தீவுகள் இருக்கின்றன. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். 1853 மே மாதம் முதல் கப்பல் மார்த்தினிக்கில் போய் நின்றது. அவர்களோடு போன மல்லியும் சீரகமும் கடுகும் மஞ்சளும் அங்கே ஒரு பொடியாயிற்று. அதற்கு 'கொலொம்போ' என்று பெயர். அந்தப் பொடி போட்டுச் செய்யும் கறி, இன்று அந்தத் தீவுகளின் முக்கியமான உணவு.

துணிக்கும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்த முக்கியமான காரணம் துணி வாங்குவது. பிரான்சுவா மார்த்தேன் 1674-ல் புதுச்சேரியில் கால் ஊன்றியது அதற்குத்தான். புதுச்சேரிப் பக்கத்துத் தறிகளில் நெய்து, அவுரியில் நீலம் தோய்த்த துணியை, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் வரைக்கும் கொண்டுபோய் விற்றார்கள். அந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'கினே'. அதாவது, விற்கும் கரையின் பெயர். நெய்த கையின் ஊர் அதில் இல்லை.

இதையெல்லாம் ஆரணி அம்மா அறிந்தவர் இல்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது அவர் அடுத்துச் செய்ததில் தெரிந்தது. எழுந்துபோய்க் கட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து வந்தார். பாரிஸ் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எங்க வீட்டுது. உங்களுக்குன்னுதான் எடுத்தாந்தேன். குடுக்கலாமா வேணாமான்னு இருந்துச்சு."

ஆயா ஒரு உருண்டையை எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "வெளக்கெண்ணெய் வாசம் வருது" என்றார். "எங்க அம்மா போட்டது இதுமாதிரிதான் இருக்கும்."

சமையலறையில் ஒரு இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காயவைத்து, வடகத்தைக் கிள்ளிப் போட்டார் ஆரணி அம்மா. கடுகு வெடித்து, வெங்காயம் சிவந்து, வாசம் கூடம்வரை போனது. மீதி இருந்த மீனில் பாதியைத் தனியாக எடுத்து அதில் கொட்டினார். இரண்டையும் எல்லோரும் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் பூண்டின் காரம் அடங்கி வெங்காயத்தின் இனிப்பு மேலே நின்றது. வெண்ணெய் செய்த வேலை. இன்னொன்றில் வெயிலும் லேசான புளிப்பும் இருந்தன. எது மேல் என்ற பேச்சு வந்தது. "பொண்ணு செஞ்சதும் நல்லாத்தான் இருக்குது" என்று ஆரணி அம்மா மனதாரச் சொன்னார். பாலும் மீனும் சேரக் கூடாது என்ற கணக்கை அவர் அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டார்.

பேத்தி கைபேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்தாள். "இதை யாருமே சொல்லலையே. புட்டியில பிரெஞ்சு மசாலான்னுதானே போட்டிருக்கு?" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல், புட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பரவால்ல கண்ணு. அது கடல் தாண்டிப் போச்சு, பேரு மாறிப் போச்சு. இந்தச் சேலை நூறு மைலுகூடத் தாண்டல. அதுக்குள்ள அதுக்கும் பேரு மாறிப் போச்சு."

கூடம் ஒரு நிமிடம் அமைதியானது. கணவர், "சும்மா இரு" என்பதுபோல அவர் முழங்கையைத் தொட்டார். பெண்ணின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பா நினைக்காதீங்கம்மா. ஆரணின்னா அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியாது. காஞ்சிபுரம்னா டக்குனு புரியும்னு வாயில வந்துடுச்சு" என்றார். பொய்யில்லை. ஊர் உலகமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லாததால் தெரியவில்லை, தெரியாததால் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாடு ஊர்விட்டு ஊர் போவதும், போன இடத்தில் பெயரும் உருவமும் மாறுவதும் புதிதில்லை. புதுச்சேரி வீடுகளில் 'மீன் புயபேஸ்' என்று ஒரு குழம்பு வைப்பார்கள். அது பிரான்ஸின் தெற்கே மார்சேய் துறைமுகத்து மீனவர்கள், விற்காமல் மிஞ்சிய மீன்களைப் போட்டுக் கொதிக்கவைத்த 'புய்யாபேஸ்' என்ற சூப்தான். இங்கே வந்து நம் மசாலாக்களோடு சேர்ந்துகொண்டது. மார்சேய் மீனவர் வீட்டுப் பெண் புதுச்சேரிக்கு வந்தால், அவரும் நம் ஆரணி அம்மா மாதிரிதான் கிண்ணத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவார். நாம் தினமும் கிள்ளிப் போடும் மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே!

ஆனால், ஊரின் பெயருக்கு விலை உண்டு என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. ரொக்ஃபோர் என்ற ஊரின் பாலாடைக்கட்டிக்கு 1925-லேயே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். ஷாம்பெய்ன் பகுதிக்கு வெளியே தயாரானதற்கு அந்தப் பெயரை வைக்க விடமாட்டார்கள். நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லும், ஆரணிப் பட்டுக்கு அதற்குச் சில வருடங்கள் கழித்தும் குறியீடு கிடைத்தது. அதாவது, ஆரணிப் பட்டு என்ற பெயர் சட்டப்படி தனியாக நிற்கத் தகுதி பெற்றுப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகிறது. அதைச் சொல்லி விற்கவும், கேட்டு வாங்கவும்தான் ஆள் வேண்டும். சேலையில் இருக்கும் சில்க் மார்க் முத்திரை, பட்டு சுத்தமானதா என்று மட்டும்தான் சொல்லும். எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று சொல்லாது. அடுத்தமுறை பட்டு எடுக்கும்போது கடைக்காரரிடம், "இது எந்த ஊரு நெசவு?" என்று நாம் ஒரு கேள்வி கேட்டால் போதும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது பேருக்கு அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.

அன்று மாலை கிளம்பும் முன், பேத்தி வடகம் போடும் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அந்தக் கணக்கு இதுதான்.

சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு 150 கிராம். இரண்டையும் உரித்து ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் விழுதாக்கிவிட்டால் கெட்டது காரியம். உளுந்து 100 கிராம் அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்துச் சேர்க்க வேண்டும். கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் பெருங்காயம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, தேவையான உப்பு. எல்லாவற்றையும் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைக்க வேண்டும். பிழிந்த சாறு மிஞ்சினால் கொட்டக் கூடாது, அடுத்த நாள் அதிலேயே கலந்துவிட வேண்டும். தினமும் சாயங்காலம் உதிர்த்து, மறுபடி உருட்டி, மறுநாள் வெயிலுக்கு எடுக்க வேண்டும். ஏழிலிருந்து பத்து நாளில் ஈரம் முழுக்கப் போய்விடும். கடைசி நாள் கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, இன்னொரு வெயில் காட்டி எடுத்து வைத்தால் ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை. வத்தக்குழம்பு, மீன் குழம்பு, கீரை மசியல், துவையல் எதற்கும் தாளிக்கலாம்.

"வெயில் இல்லாட்டி?" என்று கேட்டாள் பேத்தி.

"உங்க ஆயா செஞ்ச மாதிரி ஓவன்ல வை. அதுவும் வடகம்தான். பேரை மட்டும் மறக்காம சொல்லு."

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் கைபேசியில் படங்கள் வந்தன. அரக்குச் சேலையில் பெண் நிற்கும் படத்தின் கீழே பிரெஞ்சில் இரண்டு வரி. அதற்கும் கீழே, எழுத்துப் பிழையோடு தமிழில்: 'ஆரனி பட்டு'. படத்தைத் திறந்து காட்டியது மகன்தான். பெரிதாக்கிப் பார்த்தான். "ணி போடல" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

அவன் தறிக்குத் திரும்பிவிடவில்லை. செய்யாறு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான். இரண்டாவது தறி இன்னும் போர்வைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த சேலை தறியிலிருந்து இறங்கிய அன்று, ஆரணிக் கடை ஒன்றில் அச்சடித்த ஐம்பது சின்ன அட்டைகளோடு வீட்டுக்கு வந்தான். 'ஆரணிப் பட்டு. கைத்தறி' என்று மேலே. கீழே அவர்கள் கிராமத்தின் பெயர். அம்மா சேலையை மடிக்கும்போது முந்திக்குள் ஒன்றைச் செருகினார். மிச்ச அட்டைகளில் இருபதை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கும்மா?" என்று கேட்டான்.

"பின்னாடி காலியாத்தானே இருக்குது. அதுல வடகம்னு எழுதிக் குடுடா. இந்த வருஷம் கிலோ 600 ரூபா."